எதை ஊற்றினாலும் ஓடும் என்பவர்களுக்கு

போன வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், வந்த வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். காபி குடித்துவிட்டு வாசலில் நின்ற என் ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவரும் தோட்டத்து வேலைக்கென்று பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறாராம்.

"என்ன ஆயில் ஊத்துறீங்க மாப்ள?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாக்குறதில்ல மாமா. பட்டறையில பையன் ஊத்துறாப்ல. பழைய வண்டிதானே, எதை ஊத்தினாலும் ஓடும்னு சொல்றாப்ல."

ஓடும்தான். எதை ஊற்றினாலும் கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரம் எந்த இடத்தில் முடியும் என்பதுதான் நமக்குத் தெரியாது. எனக்கு அது சிறுமலை இறக்கத்தில் முடியப் பார்த்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அவரிடம் அன்று அரைமணி நேரம் பேசியதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ தோட்டங்களில் இப்படிப்பட்ட ஜீப்புகள் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள்.

என் வண்டி மகிந்திரா எம்.எம்.540. அரசு ஏலத்தில் எடுத்தது. இந்த வண்டிகளின் பூர்வீகம் பலருக்கும் தெரிந்ததுதான். 1947-ல் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனியிலிருந்து 75 ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கி இங்கே பூட்டியதில் மகிந்திராவின் ஜீப் கதை தொடங்கியது. முதலில் எல்லாம் பெட்ரோல் வண்டிகள். பிறகு 1979-ல் பிரான்சின் பியூஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் என்ஜினை இங்கேயே செய்ய உரிமம் வாங்கினார்கள். 2112 சி.சி. என்ஜின். எம்.எம்.540-ல் இருப்பது அதுதான். ஆக, உடம்பு அமெரிக்க வழி, இதயம் பிரெஞ்சு வழி, ஓடுவது அய்யலூர் செம்மண்ணில். இப்படிப்பட்ட கலப்புக் குடும்பத்தில் யாருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து பரிமாற வேண்டாமா?

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் மாட்டு வண்டி இருந்தது. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். சக்கரத்தைக் கழற்றி அச்சில் அந்த மையைத் தடவிவிட்டுத்தான் தூரப் பயணம் கிளம்புவார் அப்பா. வீட்டில் நெய் இருக்கிறதே என்று அவர் நெய்யைத் தடவியதில்லை. அடுப்படியில் மிஞ்சிய கடலை எண்ணெய் இருக்கிறதே என்று அதையும் ஊற்றியதில்லை. அச்சுக்கு எது நிற்குமோ அதைப் போட்டார். படிக்காத மனிதருக்குத் தெரிந்த இந்த விஷயம், நமக்குக் கார் வந்த பிறகு மறந்துவிட்டது.

இன்று இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "பழைய வண்டிதானே, எதையாவது ஊத்து" என்பது ஒன்று. "இருக்கிறதிலேயே விலை கூடினதை ஊத்து" என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். இரண்டு பேருமே கையேட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையையும் செய்தவன் எந்த எண்ணெயை மனதில் வைத்துச் செய்தானோ, அதுதான் அந்த அறைக்கு நல்ல எண்ணெய். அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு வண்டிக்காரருடையது. பட்டறைப் பையன் காலையிலிருந்து இரவு வரை இருபது வகை வண்டி பார்க்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த வண்டியின் கையேட்டை அவன் எங்கே பார்த்திருப்பான்?

ஃபோர் வீல் வண்டியில் சாதாரணக் காரைவிட அறைகள் அதிகம். என்ஜின், கியர்பெட்டி, அதன் பின்னால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் கிரவுன், முன் கிரவுன், ஸ்டியரிங் பெட்டி, பிரேக், ரேடியேட்டர். எண்ணிப் பாருங்கள், எட்டு. டீசலையும் சேர்த்தால் ஒன்பது. இந்த எட்டில் நம் ஆட்கள் கவனிப்பது என்ஜினை மட்டும்தான்.

முதலில் என்ஜின் ஆயில். டப்பாவில் 15W-40 என்று போட்டிருக்கும். முன்னால் இருக்கும் 15W குளிரில் அது எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் 40, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. சித்திரை வெயிலில் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு போகும் நமக்கு அந்தப் பின் எண்தான் முக்கியம். தேய்ந்த பழைய என்ஜினில் பேரிங் இடைவெளி கூடியிருக்கும். புதுக் கார்களுக்கென்று வரும் 5W-30, 0W-20 போன்ற நீர்த்த ஆயிலை அதில் ஊற்றினால், சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் இறங்கும். அந்த ஆயில் மட்டம் என்று அர்த்தமில்லை. அது வேறு வண்டிக்கு உரியது.

எண்ணோடு இரண்டு எழுத்தையும் பார்க்க வேண்டும். ஏ.பி.ஐ. என்ற முத்திரையில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. பழைய கையேடுகளில் சி.சி., சி.டி. என்ற தரங்கள் இருக்கும். அவை எப்போதோ வழக்கொழிந்துவிட்டன. "அந்த ஆயில் இப்போ கிடைக்கலையே" என்று கவலைப்பட வேண்டாம். 2002-ல் வந்த சி.ஐ.-4 தரம் அந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். நான் 15W-40 சி.ஐ.-4 பிளஸ்தான் ஊற்றுகிறேன். இது எங்கும் கிடைக்கும் லாரி ஆயில், விலையும் நியாயம்.

இன்னொரு பயமும் நம்மிடையே உண்டு. "ஊத்தி ரெண்டு நாள்ல ஆயில் கறுத்துப் போச்சு, டூப்ளிகேட் ஆயிலா இருக்குமோ?" டீசல் என்ஜினில் ஆயில் கறுக்கத்தான் செய்யும். புகைக்கரியைப் படியவிடாமல் தன்னிடம் ஏந்திக்கொள்வதுதான் அதன் வேலை. துணி வெளுத்த தண்ணீர் அழுக்காக இருப்பதைப் பார்த்து சோப்பைக் குறை சொல்வோமா? நிறத்தைவிட வேறு இரண்டைக் கவனியுங்கள். கம்பியை உருவிப் பார்க்கும்போது ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. இரண்டில் எது நடந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

அடுத்தது கியர் ஆயில். இதில்தான் விலை கூடிய கட்சியிடம் நான் சூடுபட்டேன். சென்னையில் இருக்கும் என் மகன் ஒரு பொங்கலுக்கு வரும்போது, ஜீப்புக்கென்று வெளிநாட்டு முத்திரை போட்ட விலையுயர்ந்த சிந்தெடிக் கியர் ஆயில் வாங்கி வந்தான். அப்பா வண்டிக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை. எனக்கும் பெருமை. கியர்பெட்டியில் அதையே ஊற்றினோம். சில வாரங்களில் மூன்றாவது கியர் கரகரவென்று முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. டப்பாவை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஜி.எல்.-5 என்று இருந்தது.

விஷயம் இதுதான். கிரவுனில் பல்லும் பல்லும் உரசிச் சறுக்கிக்கொண்டே சுற்றும். அந்த அழுத்தத்தைத் தாங்க, ஜி.எல்.-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் கூடுதலாக இருக்கும். இரும்புக்கு அது கவசம். ஆனால் பழைய கியர்பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கியர் மாற்றும்போது இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமப்படுத்துவது அந்த வளையங்கள்தான். சூட்டில் அந்தக் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அதோடு, அந்த வளையம் கொஞ்சம் உரசிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினாலும் கியர் விழாது. மகனிடம் சொல்லாமல் அதை வடித்துவிட்டு, ஜி.எல்.-4 தரத்து ஆயிலை ஊற்றினேன். முரண்டு அடங்கியது. அவன் வாங்கித் தந்ததில் மிச்சம் இருந்ததைப் பின் கிரவுனுக்கு வைத்துக்கொண்டேன். அங்கே ஜி.எல்.-5 தான் வேண்டும். ஒரே ஆயில் ஒரு பெட்டிக்குக் கேடு, அதே வண்டியின் இன்னொரு பெட்டிக்குத் தேவை. அவன் பணமும் வீணாகவில்லை, ஆசையும் வீணாகவில்லை.

கியர் ஆயிலில் 90 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அது என்ஜின் ஆயிலின் 40-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. நானே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு அளவுகோல். படியில் அளப்பதையும் கிலோவில் நிறுப்பதையும் ஒப்பிடுவது மாதிரி. சூடான நிலையில் 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, கிட்டத்தட்ட 40, 50 என்ஜின் ஆயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜி.எல். தரத்தையும் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் என்ன ஊற்றுவது? பழைய வில்லிஸ் வழி வந்த வண்டிகள் சிலவற்றில் கியர்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே ஆயில் போய்வர வழி இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் இரண்டுக்கும் ஒரே ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று ஆகிவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

முன் கிரவுனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "நான் ஃபோர் வீல் போடுறதே இல்ல, அதனால முன்னாடி ஆயில் மாத்த வேண்டியதில்ல" என்று உறவினரும் சொன்னார். முன் சக்கரத்தின் நடுவில் திருகி விடுவிக்கும் லாக் இல்லாத வண்டியில், ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் சக்கரத்தோடு சேர்ந்து முன் கிரவுனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தேய்மானம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் காட்டோடையைக் கடக்கும்போது, ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த நீரில் முங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. காற்றுப் போகும் மூச்சுத் துளை மண்ணால் அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பால் டீ மாதிரி இருக்கும், பேரிங் துருவேறியிருக்கும். ஓடை கடந்த மறுநாள் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஊற்றும்போது மூடித் துளையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். "கூட இருந்தா நல்லதுதானே" என்று திணித்தால், சீல் வழியாகக் கசிந்து பிரேக் தகட்டை நனைக்கும்.

இனி பிரேக். சிறுமலைக் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் வண்டியைப் பொதுச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். எந்தப் பட்டறை என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா ஆயிலும் பார்த்தாயிற்று என்றார்கள். மறு வாரம் என் மனைவியையும் நண்பர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன். ஏறும்போதே வண்டி இழுவை குறைவாக இருப்பது போலத் தோன்றியது. வயதாகிவிட்டது, வண்டிக்கும் எனக்கும், என்று விட்டுவிட்டேன். அந்த மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கும்போது மூன்றாவது நான்காவது வளைவிலேயே கருகல் வாடை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பிடித்துக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு வளைவு தாண்டியபோது பெடல் பஞ்சு மாதிரி ஆகி, அடிவரை போய்விட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒட்டி நிறுத்தினேன். நண்பர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நின்ற இடத்திலேயே ஃபோர் வீல் லோ கியரைப் போட்டு, அவர்கள் இருவரையும் பின்னால் நடந்து வரச் சொல்லிவிட்டு, நடக்கும் வேகத்தில் இறக்கினேன். காய்ந்த தார்ச்சாலை வளைவில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாதுதான், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கீழே வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாசர்கள் ஊதிப்போய்க் கிடந்தன. பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். நிறம் மாறியிருந்ததை நானும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பிரேக்கில் ஊற்ற வேண்டியது கிளைகோல் வகைத் திரவம். அதற்கென்று செய்த ரப்பர், கனிம எண்ணெய் பட்டால் ஊதும். ஊதிய வாசர், ஆயில் திரும்பி வரும் துளையை அடைத்துவிட்டது. காலை எடுத்தாலும் பிரேக் விடவில்லை. விடாத பிரேக் உரசிச் சூடேறி, உள்ளே இருந்த திரவம் கொதித்தது. கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தினால் அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. நூறு மில்லி தப்பான எண்ணெய் செய்த வேலை அது.

ஆகவே பிரேக்கில் டாட் 3 அல்லது டாட் 4, கையேடு சொல்வதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230-ம் 155-ம். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். பாதி காலியான டப்பாவைப் பரண்மேல் வைத்து அடுத்த வருடம் ஊற்றாதீர்கள். டாட் 5 என்று ஒன்று உண்டு. அது சிலிக்கான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது.

ரேடியேட்டருக்கு வருவோம். "கூலண்ட் எல்லாம் காஷ்மீருக்கு, நம்ம ஊருக்கு எதுக்கு?" என்பார்கள். தண்ணீர் உறைவது நம் பிரச்சினை இல்லை, சரிதான். நம் பிரச்சினை போர்த் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் என்ஜினைச் சுற்றிய அறைகளுக்குள்ளும் படிகிறது. அந்த உப்புக் காரை சூட்டை வெளியே விடாது. பிறகு ரேடியேட்டர் சூடாகிறது, ஹெட் கேஸ்கட் போகிறது. பாதிக்குப் பாதி கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்தால் உப்புப் படியாது, துரு பிடிக்காது, கொதிநிலையும் கூடும்.

இங்கேயும் பழைய வண்டி என்பதை மறக்கக் கூடாது. நம் ஜீப் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஈயப் பற்றுவைப்பில் நிற்பது. புது அலுமினிய ரேடியேட்டர்களுக்கென்று வரும் நீண்ட நாள் கூலண்ட் எல்லாம் அந்தப் பற்றுவைப்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பழைய வகைக் கூலண்டை வாங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது எனக்குச் சரியாக இருக்கிறது. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பாதீர்கள். நிறம் கம்பெனிக்காரர் விருப்பம். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

இன்னொன்று. கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்த கூலண்டைச் சட்டியில் வாசலில் வைத்தால் ஆடு குடிக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். ஆட்டை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடும்கூட. வடித்ததை உடனே மூடி வையுங்கள்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வண்டிகள் பிறந்த காலத்து டீசலில் அது பல நூறு மடங்கு இருந்தது. காற்றுக்கு நல்லது. ஆனால் பழைய டீசலில் ஊறி ஊறிப் பழகிய பம்ப் ரப்பர்கள் புது டீசலில் சுருங்கிக் கசியலாம். கசிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தடவை ரப்பர்களை மாற்றினால் சரியாகிவிடும். "டீசல்ல வழவழப்பு போச்சு" என்று டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலப்பவர்கள் உண்டு. வழவழப்புக்கும் இன்றைய டீசலில் தர அளவு இருக்கிறது, அதற்கான சேர்மானத்தோடுதான் பங்க்குக்கு வருகிறது. நான் எதுவும் கலப்பதில்லை.

எல்லாம் தெரிந்து வாங்கினாலும் டப்பாவுக்குள் இருப்பது போலியாக இருந்தால் என்ன செய்ய? எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்கிலோ, பில் கொடுக்கும் தெரிந்த கடையிலோ வாங்குவதுதான் வழி. காலி டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். நல்ல டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போலி வந்துவிட்டது என்று நாமே புலம்பக் கூடாது.

வடித்த ஆயிலை என்ன செய்கிறோம்? கரையானுக்கு என்று மரத்தில் பூசுகிறோம், மீதியை வேலி ஓரத்தில் ஊற்றுகிறோம். நம் ஊரை ஒட்டிய காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. அதற்காகவே 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். அந்தக் காட்டிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர்தான் நம் கிணற்றுக்கும் ஊறுகிறது. அதில் கழிவு ஆயிலை ஊற்றிவிட்டு, குடிக்க கேன் தண்ணீர் வாங்குவதில் என்ன அர்த்தம்? ஒரு கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இத்தனை பாடு எதற்கு, விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் வைத்திருக்கிறோம் என்றால் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். அதில் நாம் மட்டும் ஏறுவதில்லை. வீட்டுக்காரி ஏறுகிறாள், பேரன் ஏறுகிறான், சந்தை நாளில் கைகாட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஏறுகிறார். நம் ஊர் நெடுஞ்சாலையில் வண்டி கருப்பணசாமி கோயில் முன்னால் லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவதை தினமும் பார்க்கிறோம். நானும் நிறுத்துகிறேன். சாமி காப்பாற்றும். ஆனால் பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும் வேலையைச் சாமியிடம் விடக் கூடாது என்பது சிறுமலைக்குப் பிறகு எனக்கு வந்த ஞானம்.

என் ஜீப்பின் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் எட்டு வரி. எந்த அறைக்கு என்ன ஆயில், என்ன தரம், எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது மாற்றியது. பட்டறையில் விடும்போது அந்தப் பக்கத்தைப் பையனிடம் காட்டி, "தம்பி, இதுல இருக்கிறதை மட்டும் ஊத்துப்பா, இல்லாட்டி என்னைக் கூப்பிடு" என்பேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால், ஒரு பையன் அதைப் பார்த்து அவனாகவே ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டான்.

உறவினர் கிளம்பும்போது அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். "மாப்ள, இது என் வண்டிக் கணக்கு. உங்க வண்டிக்கு உங்க கையேட்டைப் பார்த்து எழுதுங்க" என்றேன். கையேடு இல்லையாம். தேடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை சந்தைக்கு வரும்போது கொண்டு வருவார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதாகப் பேச்சு.